ஐந்தாம் கிண்ணம்

பிஸ்தாம் ஆளுநர் கர்ஷாஸ்ப் கானின் சபையில்
நான் மொழிபெயர்ப்பாளன்.
ஜூல்ஃபாவில் பட்டு விற்றுத் தோற்ற ஆர்மீனியன்,
பெயர் மெலிக்செத்.
கூலி, வழக்குக்கு ஓர் அப்பாஸி.
பொய்க்குத் தனிக் கூலி கிடையாது.

அன்று வந்தவள் ஹொரெஷான்.
காக்கேத்தியிலிருந்து வேரோடு பெயர்த்து
உப்புப் பாலையின் ஓரத்தில் நட்ட
முந்நூறு ஜார்ஜியக் குடும்பங்களில் ஒருத்தி.
காலில் ஆண் செருப்பு. இறந்தவனுடையது.

கனாத்து நீரில் அவர்கள் பங்கு
இரவுக்கு நான்கு கிண்ணம்.
அடியில் ஊசித்துளையிட்ட செப்புக் கிண்ணம்
தொட்டியில் மிதந்து
நிறைந்து
மூழ்கும் நேரம் ஒரு கிண்ணம்.
மீர் தகீயின் ஆட்கள்
துளையைப் பெரிதாக்கிவிட்டார்கள்.
கணக்கில் நான்கு நான்குதான்.
இரவு மட்டும் சுருங்கிவிட்டது.

இதையெல்லாம் பிறகு தெரிந்துகொண்டேன்.
அவள் வாய் திறந்ததும் சொன்னது வேறு:
"இவனைப் பெற்ற வயிறு
ஒரு கல்லைப் பெற்றிருக்கலாம்.
மாவரைக்கவாவது ஆகியிருக்கும்."

நான் பாரசீகத்தில் சொன்னேன்:
"தங்கள் அன்னையை வாழ்த்துகிறாள்.
கருணை மலையைப் பெற்றவள் என்கிறாள்."
கல்லுக்கு மலை.
அப்படியொன்றும் தூரம் போய்விடவில்லை நான்.

கான் கட்டைவிரலில் கிடந்த
அம்பெய்யும் மோதிரத்தை ஒரு சுற்றுச் சுற்றினார்.
"இவ்வளவுதான் சொன்னாளா?"
"இவ்வளவுதான், பிரபு."
"அப்படியானால் அவளிடம் கேள்,
மேல்கல்லா, அடிக்கல்லா?"

சபையில் ஒருவருக்கும் விளங்கவில்லை.
எழுத்தர் நாணலை மையில் விட்டபடி நின்றுவிட்டார்.
எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

ஒன்பது வயதில் பிடிபட்ட பையன்,
அலசானிக் கரை மாவாலைக்காரன் மகன்,
அப்போது பெயர் ஓதியா என்று
குதிரை லாயத்தில் பேசிக்கொள்வார்கள்.
சபையில் பேசமாட்டார்கள்.
முப்பது வருடமாக
தாய்மொழிக்கு ஆள் வைத்துக்
கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார் மனிதர்.

கேட்டேன். வேறென்ன செய்ய?
அவள் என்னைப் பார்க்கவில்லை.
அவரையே பார்த்தாள், ரொம்ப நேரம்.
"அடிக்கல்தான்," என்றாள்.
"சுற்றுவது மேலே.
இது கிடந்த இடத்தில் கிடந்து தேய்கிறது."

அதை ஓரெழுத்து மாற்றாமல் பெயர்த்தேன்.

பழைய கிண்ணம் வந்தது. புதுக் கிண்ணம் வந்தது.
ஒரே ஊசி ஒன்றில் இறுகியது,
ஒன்றில் விழுந்தது.
"பழைய துளை," என்றார் கான். "ஐந்து கிண்ணம்."
எழுத்தர் பழக்கத்தில் நான்கென்று எழுத,
நாணலைப் பிடுங்கித் தாமே திருத்தினார்.
அங்கியில் மை.
மீர் தகீ தாடியைக் கோதியபடி வெளியேறினான்.

அன்றிரவு ஆள் அனுப்பி அழைத்தார்.
தட்டில் பிஸ்தா இருந்தது, யாரும் தொடவில்லை.
"தண்ணீருக்கு அவர்கள் சொல்லும் சொல்லைச் சொல்."
சொன்னேன்.
தொண்டையின் அடியில் ஒரு கதவு
படாரென்று சாத்திக்கொள்ளவேண்டிய சொல் அது.
அவரும் சொன்னார். கதவு சாத்தவில்லை.
மறுபடி சொன்னார்.
"உன்னுடையதும் சரியில்லை," என்றார், "சந்தையில் பொறுக்கியது."
எண்ணெய் தீரும்வரை இரண்டுபேரும்
தண்ணீரைத் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

நவ்ரோஸுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கையில்
இஸ்ஃபஹானிலிருந்து முத்திரைக் கடிதம்.
மை பட்ட அங்கியை ஆணியிலேயே விட்டுப்போனார்.
எங்கே என்று கேட்கிற வழக்கம்
இந்த நாட்டில் இல்லை.

புது ஆளுநர் துருக்கியில் அதட்டுகிறார்.
அவருக்கும் நான்தான்.
கனாத்தைப் பார்வையிடப் போன இரவு,
நான்காவது மூழ்கி
ஐந்தாம் கிண்ணத்தை மிதக்கவிட்டதும்
வாய்க்கால் நெடுக ஜார்ஜியப் பெண்கள்
"கல்! கல்!" என்று ஒருத்திக்கொருத்தி கூவி
மடையைத் திறந்தார்கள்.

"என்ன கத்துகிறார்கள்?" என்றார் புதியவர்.

"கருணை என்கிறார்கள், பிரபு."